செம்மண் காட்டுல பயிர் மக்கர் பண்ணுதா? அறிகுறியைப் பார்த்து காரணத்தைப் பிடிக்கிற வழி

செவக்காட்டுல பயிர் லேசா மஞ்சளடிச்சாலே நம்ம ஆளுங்க போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு நேரா உரக்கடைக்குப் போயிடுறாங்க, கடைக்காரரும் பார்த்துட்டு ஒரு மூட்டை டிஏபியும் ஒரு டானிக் பாட்டிலும் எடுத்து வைப்பாரு. அது வேலை செஞ்சா சந்தோஷம். ஆனா செம்மண்ணுல தொந்தரவு இலைல தெரியும், காரணம் பெரும்பாலும் ஒரு முழம் கீழ மண்ணுக்குள்ள உக்காந்திருக்கும். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி கடப்பாரையும் மம்பட்டியும் எடுங்க. கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதியிருக்கேன், உங்க காட்டுல எது ஒத்துப்போகுதோ அதை மட்டும் படிச்சாலும் போதும், ஆனா இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி: ரெண்டு குழி

பயிர் மோசமா இருக்கிற இடத்துல ஒண்ணு, அதே காட்டுல நல்லா இருக்கிற இடத்துல ஒண்ணு, ரெண்டடி ஆழத்துக்கு நோண்டுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் விஷயமே, ஒரு குழியை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது.

முதல்ல ஆழம். எத்தனை அங்குலத்துல சரளையோ பாறையோ தட்டுது? நம்ம செம்மண்ணு கிரானைட், நைஸ் மாதிரி பழைய பாறைங்க மக்கி வந்தது, அதனால தர்மபுரி, கிருஷ்ணகிரி, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல்னு எங்க பார்த்தாலும் ஒரே காட்டுலயே ஒரு மூலைல மூணடி மண்ணு இருக்கும், இன்னொரு மூலைல அரையடிலயே பாறை வந்துடும். மேட்டுல கம்மி, பள்ளத்துல ஜாஸ்தி, இது பொதுவான கணக்கு.

அப்புறம் நிறம். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே செவப்பா இருந்தா அந்த மண்ணுல காத்து போகுது, தண்ணி வடியுது. கீழ போகப்போக மஞ்சளா மாறுனா, அதுலயும் சாம்பல் கலர் திட்டு, துரு மாதிரி புள்ளி எல்லாம் தெரிஞ்சா, வருஷத்துல சில மாசம் அங்க தண்ணி தங்குதுன்னு அர்த்தம். செவப்பும் மஞ்சளும் ரெண்டும் இரும்பு ஆக்ஸைடுதான், வறண்டு காத்தோட்டமா இருக்கிற இடத்துல அது ஹெமடைட்டா செவப்புக் குடுக்கும், ஈரம் ஏறி இருக்கிற இடத்துல நீர் சேர்ந்த வடிவமா மாறி மஞ்சளாயிடும். ஒரே சரிவுல மேல செவப்பு, அடிவாரத்துல மஞ்சள்னு பார்க்கிறோமே, அதுக்கு இதுதான் காரணம்.

மூணாவது கடப்பாரை எங்கயாவது டக்குனு நிக்குதான்னு பாருங்க. பாறை இல்லாம, ஆனா ஒரு அடிக்குள்ள கெட்டியா ஒரு அடுக்கு இருந்தா குறிச்சு வச்சுக்கோங்க, கீழ அது திரும்பத் திரும்ப வரும்.

நாலாவது சுண்ணாம்பு. வெள்ளை வெள்ளையா சுக்கான் கல்லு தெரிஞ்சா கேள்வியே இல்லை. தெரியலைன்னா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ரெண்டு சொட்டு விடுங்க (கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க, கண்ணுக்கு தள்ளி வச்சு பண்ணுங்க), புஸ்ஸுன்னு நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. வினிகர் விட்டாலும் சுண்ணாம்பு நிறைய இருக்கிற மண்ணு லேசா நுரைக்கும். செம்மண்ணுன்னாலே புளிப்பு மண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி எல்லாம் இல்லை, மழை ஜாஸ்தி விழுற இடத்துலயும் சரளைச் செம்மண்லயும் பிஎச் (மண்ணோட புளிப்பு, காரத்தைக் காட்டுற எண்) 6க்கு கீழ இருக்கும், கொங்கு பக்கம் மாதிரி வறண்ட இடத்துல சுக்கான் கலந்து 8ஐ தாண்டியும் போகும். ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

விதைச்சு பத்து நாள் ஆச்சு, மொளப்பையே காணோம்

விதையைத் தோண்டி எடுங்க. விதையே இல்லைன்னா எறும்போ பறவையோ எலியோ தூக்கிட்டுப் போயிருக்கு. கொழகொழன்னு அழுகி இருந்தா ஈரம் ஜாஸ்தி இல்லைன்னா விதை நேர்த்தி பண்ணல. மொளப்பு வந்து, ஆனா மேல வர முடியாம மண்ணுக்கு அடிலயே வளைஞ்சு சுருண்டு கிடந்தா அதுதான் செம்மண்ணோட வழக்கமான வியாதி, மேல்மண் இறுக்கம்.

விதைச்ச மறுநாள் ஒரு மழை, அதுக்கு அடுத்து நாலு நாள் சுள்ளுனு வெயில், இந்த காம்பினேஷன் வந்தா கண்டிப்பா நடக்கும். மண்ணுல இருக்கிற இரும்பு அலுமினிய ஆக்ஸைடு எல்லாம் ஈரமா இருக்கும்போது மண் துகளை ஒட்ட வைக்கும், காய்ஞ்சதும் மேல ஒரு தகடு மாதிரி ஆயிடும், விரலால நெம்புனா பாளம் பாளமா வரும். மக்கு (மண்ணுல மக்கிக் கலந்த இலை தழை, எரு) கம்மியா இருக்கிற காட்டுல இது ரொம்ப மோசமா இருக்கும். எள்ளு, கேழ்வரகு, கம்பு மாதிரி பொடி விதைங்க திணறிடும், கடலை, அவரை மாதிரி பருத்த விதை கொஞ்சம் முட்டி வந்துடும்.

உடனே பண்ண வேண்டியது என்னன்னா லேசா தண்ணி தெளிச்சு மேல்பக்கத்தை நமநமன்னு ஈரமா வச்சுக்கறது, ஸ்பிரிங்க்ளர் இருந்தா அரைமணி நேரம் ஓட்டுனா போதும். தண்ணி இல்லைன்னா முள்ளுக் கொத்தையோ பல்லுக் கலப்பையையோ மேலாப்புல இழுத்து தகட்டை மட்டும் உடைங்க, ஆழமா போனா மொளப்பும் சேர்ந்து போயிடும். அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு 4 டன் தொழு உரமும், 800 கிலோ ஜிப்சமோ சுண்ணாம்போ போட்டு உழுதா இறுக்கம் குறையும். மேல சொன்ன சொட்டு டெஸ்ட்ல நுரைச்சா சுண்ணாம்பு பக்கம் போகவே வேண்டாம், ஜிப்சம் மட்டும். தென்னை நார்க்கழிவு கிடைக்கிற ஊரா இருந்தா அதுவும் நல்லாதான் வேலை செய்யும், ஆனா மக்க வச்சது மட்டும், பச்சையா கொட்டுனா அது மக்குறதுக்கு பயிரோட தழைச்சத்தைத்தான் (நைட்ரஜன்) பிடுங்கும்.

தண்ணி கட்டி ரெண்டு நாள்கூட ஆகல, பயிர் வாடுது

ஒண்ணு கவனிங்க, மத்தியானம் வாடி சாயங்காலம் நிமிர்ந்துட்டா அது வெயிலுக்கு பயிர் தன்னைக் காப்பாத்திக்கிற விதம், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். காலைல ஆறு மணிக்கும் தொங்கிக்கிட்டு இருந்தாதான் விஷயம். அங்கங்க ஒத்தை ஒத்தையா செடி வாடுது, தண்டைப் பிளந்தா உள்ள பழுப்புக் கோடு ஓடுதுன்னா அது வாடல் நோய், மண்ணுக்கும் அதுக்கும் நேரடியா சம்பந்தம் இல்லை, அது வேற கதை.

திட்டுத் திட்டா சேர்ந்து வாடுனா செடியை வேரோட புடுங்குங்க, துவரையோ பருத்தியோ ஆணிவேர் உள்ள செடியா பார்த்து. வேர் நேரா கீழ போகாம ஒரு அடிக்குள்ள எல் எழுத்து மாதிரி பக்கவாட்டுல திரும்பி இருந்தா கீழ கடினப்பாறை மாதிரி இறுகுன அடுக்கு இருக்கு. மேல இருக்கிற களி மழைல இறங்கி கீழ தங்கி, அதோட இரும்பு அலுமினிய ஆக்ஸைடு சிமெண்ட் போட்ட மாதிரி கட்டிக்கும். இது பத்தாதுன்னு ரொட்டவேட்டரை (டிராக்டர்ல மாட்டுற சுழல் கலப்பை) வருஷம் பூரா ஒரே ஆழத்துல ஓட்டி ஓட்டி நாம வேற அதை அமுக்கி விடுறோம். ரொட்டவேட்டர் ஓட்டுனா மண்ணு பவுடர் மாதிரி அழகா இருக்கும், பார்க்க நல்லாதான் இருக்கும், ஆனா செம்மண்ணுல அந்த பவுடர் ஒரு மழைக்குப் படிஞ்சு மறுபடி தகடாயிடும், என்னைக் கேட்டா விதைக்கு முன்னாடி ஒரு தடவைக்கு மேல செவக்காட்டுல அது தேவையில்லை.

இறுகுன அடுக்குக்கு உளிக்கலப்பைதான் (மண்ணைப் புரட்டாம ஆழமா கீறுற கலப்பை) மருந்து. 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நீளவாக்குல ஒரு தடவை குறுக்குவாக்குல ஒரு தடவை, 45 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் கீறணும், மண்ணு காய்ஞ்சு இருக்கும்போது ஓட்டுனாதான் அடுக்கு நொறுங்கும், ஈரத்துல ஓட்டுனா வெண்ணெய்ல கத்தி போன மாதிரி ஒரு கோடு மட்டும் விழுந்துட்டு மூடிக்கும். அதோட ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மக்குன நார்க்கழிவோ. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணுனா போதும், வருஷா வருஷம் வேண்டாம்.

வேர் நேராதான் இருக்கு, அடுக்கும் இல்லை, ஆனாலும் வாடுதா? அப்ப மண்ணுக்கு பிடிமானம் இல்லை. கரிசல்ல இருக்கிற களி உப்பி விரியுற ஜாதி, தண்ணியையும் உரத்தையும் இழுத்து வச்சுக்கும். செம்மண்ணுல இருக்கிறது கயோலினைட் களி, இது உப்பாது, பிடிச்சு வைக்கிற சக்தியும் ரொம்ப கம்மி, அதுலயும் மணல் சேர்ந்துட்டா கேக்கவே வேண்டாம். இங்க கரிசக்காட்டுக்காரர் மாதிரி பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை தளும்பத் தளும்ப கட்டுறதுல பிரயோஜனமே இல்லை, பாதி தண்ணி வேருக்குக் கீழ போயிடும், போகும்போது யூரியாவையும் கூட்டிட்டுப் போகும். கொஞ்சமா, அடிக்கடி. சொட்டுநீர் செம்மண்ணுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி பொருந்தும், ஆனா டிரிப்பர் (தண்ணி சொட்டுற வாய்) இடைவெளி மட்டும் நெருக்கமா வாங்குங்க, மணல்சாரி மண்ணுல தண்ணி பக்கவாட்டுல பரவாம நேரா கீழ இறங்கும்.

நிரந்தரமா மாத்தணும்னா குளத்து வண்டல். நம்ம தாத்தா காலத்துல கோடைல குளம் வத்துனதும் வண்டி கட்டி அடிச்சதுக்குக் காரணம் இதுதான், வண்டல்ல இருக்கிற களி செம்மண்ணுக்கு இல்லாத பிடிமானத்தைக் குடுக்கும். இப்ப தாசில்தார்கிட்ட அனுமதி வாங்கிட்டுதான் எடுக்கணும். எடுக்கிறதுக்கு முன்னாடி வண்டல் ஒரு கைப்பிடி கொண்டுபோய் உப்பு அளவு மட்டும் பார்த்துடுங்க, சாயத்தண்ணி, ஆலைக்கழிவு கலக்கிற குளமா இருந்தா ஓசில குடுத்தாலும் வேண்டாம்.

இலை மஞ்சளாகுது

இதுலதான் நிறைய காசு வீணாகுது, ஏன்னா எல்லா மஞ்சளுக்கும் ஒரே மருந்தை அடிக்கிறோம். ஒரே ஒரு கேள்வில பாதி வேலை முடிஞ்சுடும்: மஞ்சள் முதல்ல வந்தது கீழ் இலைலயா, கொழுந்துலயா?

கீழ் இலை முழுசா வெளுத்து மஞ்சளாகி, செடியே சோகை பிடிச்ச மாதிரி இருந்தா தழைச்சத்து. செம்மண்ணுல மக்கு கம்மி, அதனால தழைச்சத்து எப்பவுமே பத்தாக்குறைதான், இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. கீழ் இலையோட ஓரம் மட்டும் கருகிக்கிட்டே வந்தா சாம்பல் சத்து (பொட்டாசியம்), மரவள்ளி, வாழை போடுறவங்க இதை அதிகம் பார்ப்பாங்க. கீழ் இலைல நரம்பு பச்சையா இருந்து நடுவுல மஞ்சள் விழுந்தா, பருத்தின்னா அது செவப்பாவும் மாறுனா, மெக்னீசியம். மக்காச்சோளத்துல சின்னப் பயிர்ல இலை ஊதா கலரா மாறுனா அது மஞ்சள் கணக்குல வராது, மணிச்சத்து (பாஸ்பரஸ்).

கொழுந்துல ஆரம்பிச்சா வேற குடும்பம். கொழுந்து இலை நரம்போட சேர்ந்து ஒரே சீரா வெளிறி இருந்தா கந்தகம். நரம்பு மட்டும் பச்சைக்கோடா நின்னு நடுவுல எல்லாம் மஞ்சளாகி, அப்புறம் வெள்ளைப் பேப்பர் மாதிரி போனா இரும்பு.

இங்கதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. மண்ணே இரும்பாலதான் செவப்பா இருக்கு, அதுல எப்படிங்க இரும்புப் பத்தாக்குறை வரும்னு. வரும். மண்ணுல இருக்கிறது துரு, தண்ணில கரையாத இரும்பு. பயிருக்கு வேணுங்கிறது கரைஞ்ச இரும்பு. பிஎச் ஏற ஏற கரையிற இரும்பு கிடுகிடுன்னு குறைஞ்சுடும், சுக்கான் கலந்த செம்மண்ணுல பிஎச் 8ஐ தாண்டிப் போனா டன் கணக்கா இரும்பு இருந்தும் செடி பட்டினிதான். போர் தண்ணில பைகார்பனேட் ஜாஸ்தியா இருந்தா நாள் ஆக ஆக இன்னும் மோசமாகும், சொட்டுநீர்க் குழாய் வாய்ல வெள்ளையா உப்புப் படியுற காடா இருந்தா சந்தேகப்படுங்க. டிஏபியை அள்ளிப் போட்ட காட்டுலயும் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்து மாட்டிக்கும், மணிச்சத்து ஜாஸ்தியானா அதுங்களைக் கிட்ட விடாது. கடலையும் கரும்பும் இதுல முதல்ல காட்டிக்குடுக்கிற பயிர்.

சந்தேகம் தீர ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிடுங்க, காடு பூரா அடிக்கிறதுக்கு முன்னாடி. அன்னபேதி உப்பு, அதான் பெரஸ் சல்பேட், ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் கரைச்சு நாலஞ்சு செடிக்கு மட்டும் சாயங்காலமா தெளிச்சுட்டு அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வைங்க. ஒரு வாரத்துல அந்தச் செடிங்க மட்டும் பச்சை திரும்புனா நோய் கண்டுபிடிச்சாச்சு. அதுக்கு அப்புறம் கடலைன்னா பத்து நாள் இடைவெளில ரெண்டு மூணு தடவை அடிக்கலாம். கரைச்சு வச்சு மறுநாள் அடிக்காதீங்க, பச்சைக் கலர் கரைசல் பழுப்பாயிட்டா அது மறுபடி துருவாயிடுச்சு, வீண். மண்ணுல மூட்டையா கொட்டுறதும் சுண்ணாம்புக் காட்டுல வீண்தான், போட்ட வேகத்துல அதுவும் கரையாததா மாறிடும், தொழு உரத்தோட கலந்து போட்டா கொஞ்சம் தேவலாம்.

மழை தொடர்ந்து நாலு நாள் பேஞ்சு தண்ணி நின்னதுக்கு அப்புறம் கொழுந்து மஞ்சளானா அவசரப்படாதீங்க. வேர் மூச்சு முட்டி சத்தை எடுக்க முடியாம வர்றது அது, தண்ணி வடிஞ்சு ஒரு வாரத்துல தானா சரியாகும். தண்ணியை வடிக்கிறதுதான் வேலை.

துத்தநாகம் கொஞ்சம் ஏமாத்தும். நெல்லுல நட்டு ரெண்டு மூணு வாரத்துல இலைல துரு மாதிரி பழுப்புப் புள்ளி, பயிர் திட்டுத் திட்டா குட்டையா நிக்கும். மக்காச்சோளத்துல இலையோட அடிப்பாகத்துல நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெளுத்த பட்டை. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் மணல்ல கலந்து கடைசி உழவுக்கு அப்புறம் மேல தூவுங்க, டிஏபி, சூப்பர் பாஸ்பேட் மாதிரி மணிச்சத்து உரத்தோட சேர்த்துக் கலக்க மட்டும் வேண்டாம். பயிர் நிக்குதுன்னா லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும்.

உளுந்து, பாசிப்பயறுல மஞ்சளும் பச்சையும் கலந்து தேமல் தேமலா ஒரு செடி இருக்கும், பக்கத்துச் செடி நல்லா இருக்கும். அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டு வர்றது. அதுக்கு அன்னபேதி அடிச்சாலும் ஒண்ணுதான் ஆறு தடவை அடிச்சாலும் ஒண்ணுதான், செடியைப் புடுங்கிட்டு வெள்ளை ஈயைப் பாருங்க.

உரம் போட்டுக்கிட்டே இருக்கேன், பயிர்ல ஒண்ணும் தெரியல

எந்த உரம்னு பிரிச்சுப் பார்க்கணும். யூரியான்னா அது தண்ணியோட கீழ போயிடுச்சு, மணல்சாரி செம்மண்ணுல அடியுரமா முழுசையும் ஒரே தடவை போடுறது பாவம், மூணா நாலா பிரிச்சுப் போடுங்க, ஈரம் இருக்கும்போது போட்டு மண்ணுக்குள்ள தள்ளுங்க, மண்ணு மேலாப்புல தூவி அப்படியே விட்டா கொஞ்சம் காத்துல போகும்.

மணிச்சத்துன்னா கதை தலைகீழ். அது எங்கயும் போகல, காட்டுலயேதான் இருக்கு, ஆனா இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கு. பிஎச் 6க்கு கீழ இறங்க இறங்க இந்தப் பிடி இறுகும். அதனாலதான் காடு பூரா வீசுன சூப்பர் பாஸ்பேட் பலன் குடுக்காம போகுது. அதை மண்ணோட அதிகம் உரச விடாம வேருக்குப் பக்கத்துல சால்ல போடணும். இன்னும் நல்ல வழி ஊட்டமேற்றிய தொழு உரம்: ஒரு ஏக்கருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ நல்லா மக்குன தொழு உரத்தோட கலந்து, ஈரப்படுத்தி, நிழல்ல குவிச்சு மேல சேறு பூசி ஒரு மாசம் மூடி வைங்க, விதைக்கும்போது எடுத்து சால்ல போடுங்க. மானாவாரிச் செம்மண்ணுக்கு இதைவிட சல்லிசான வைத்தியம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைச்சுக் குடுக்கிற நுண்ணுயிர் உரம்) போடுறவங்க அதைத் தொழு உரத்துல கலந்து போடுங்க, ரசாயன உரத்தோட ஒரே கூடைல கலக்காதீங்க. புளிப்பு மண்ணா இருந்தா ராக் பாஸ்பேட்டும் வேலை செய்யும், அந்தப் புளிப்பே அதைக் கரைச்சுக் குடுக்கும், சுண்ணாம்புக் காட்டுல அதை வாங்கிப் போடுறது கல்லை வாங்கிப் போடுறதுதான்.

புளிப்புக் காட்டுக்கு சுண்ணாம்பு எவ்வளவுன்னு கேட்டா, மண் பரிசோதனை சொல்றதைத்தான் போடணும், குத்துமதிப்பா போட்டு பிஎச்சை ஏத்திவிட்டா மேல படிச்ச இரும்பு துத்தநாகப் பஞ்சாயத்து எல்லாம் கூடவே வந்துடும்.

கடலைச் செடி தளதளன்னு இருக்கு, புடுங்குனா பொக்கை (பருப்பு இல்லாத காய்)

செம்மண்ணுக்கு கடலை மாதிரி பொருந்துற பயிர் கம்மி, விழுது இறங்க மண்ணு பொலபொலன்னு வழி விடும், அறுவடைல காய் மண்ணுல அறுந்து நிக்காம வரும், காயும் சுத்தமா இருக்கும். ஆனா சுண்ணாம்புச் சத்து குறைஞ்ச செம்மண்ணுல காய் பிடிச்சும் பருப்பு நிறையாது. கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியா வாங்குறது இல்லை, மண்ணுக்குள்ள இறங்குன விழுதும் காயுமே சுத்தி இருக்கிற ரெண்டு அங்குல மண்ணுல இருந்து நேரடியா எடுத்துக்கும். அதனால அடில எவ்வளவு கால்சியம் இருந்தும் புண்ணியமில்லை, காய் இருக்கிற இடத்துல இருக்கணும்.

அதான் 40-45 நாள்ல ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் செடி ஓரமா போட்டு களை வெட்டி மண் அணைக்கச் சொல்றது. மானாவாரின்னா ஈரம் கிடைக்கிறதைப் பார்த்து கொஞ்சம் தள்ளிப் போடலாம். அதுக்கு அப்புறம் செடியைக் கிளறாதீங்க, இறங்குன விழுது அறுந்துடும். ஜிப்சத்துல கந்தகமும் வர்றதால எண்ணெய்க்கும் நல்லது.

பருப்பு நிறைஞ்சிருக்கு, ஆனா உடைச்சா நடுவுல குழி விழுந்து பழுப்பா இருக்குன்னா அது போரான். மணல்சாரி செம்மண்ணுல மழைக்கு அடிச்சுக்கிட்டுப் போற சத்து அது. ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ், அதுக்கு மேல வேண்டாம், போரான் பத்தாக்குறைக்கும் விஷமாகுறதுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பச் சின்னது.

பூ இறங்குற நேரத்துல ஈரம் இல்லாம போனாலும் பொக்கைதான், அதுக்கு ஜிப்சத்தைத் திட்டக் கூடாது.

மழை விட்டு நாலு நாள் ஆச்சு, தண்ணி இன்னும் நிக்குது

செம்மண்ணுல தண்ணி நிக்குதுன்னா குழியைப் பாருங்க, ஒண்ணு இறுகுன அடுக்கு, இல்லைன்னா நீங்க மஞ்சள் மண்ணு மேல நிக்கிறீங்க. அடுக்குன்னா உளிக்கலப்பை, மேல சொல்லியாச்சு. மஞ்சள் மண்ணு சரிவோட அடில இருக்கிறதால மேல் காட்டுத் தண்ணி எல்லாம் அங்கதான் ஊறி வரும். அங்க தக்காளி, மிளகாய், மரவள்ளி போட்டா வேர் அழுகும். மேட்டுப்பாத்தி போட்டு, மேல் பக்கத்துல குறுக்கா ஒரு வடிகால் வெட்டி தண்ணியைத் திருப்பிவிட்டா காய்கறி வரும், ஆனா செலவு இருக்கு. அதைவிட அந்தப் பள்ளத்தை நெல்லுக்கு விட்டுடுறது புத்திசாலித்தனம்னு நினைக்கிறேன். சத்தீஸ்கர்ல விவசாயிங்க மண்ணை நாலா பிரிச்சு வச்சிருக்காங்க, மேட்டுச் சரளைக்கு பாட்டா, அதுக்குக் கீழ மஞ்சள் மண்ணுக்கு மடாசி, அப்புறம் டோர்சா, அடில கருப்பு மண்ணுக்கு கன்ஹார். மடாசில வரப்பு கட்டி மழைத் தண்ணிய நிறுத்தி நெல்லு போடுவாங்க. மண்ணோட சண்டை போடாம அது என்ன குடுக்குதோ அதை வாங்கிக்கிற கணக்கு. அந்த நெல்லுக்கு துத்தநாகம் மட்டும் மறக்காதீங்க.

வருஷா வருஷம் காட்டுல கல்லு முளைக்குது

கல்லு முளைக்கல, மண்ணு போகுது. சரிவுல இருக்கிற செம்மண்ணு மழைக்கு அரிச்சுக்கிட்டு ஓடும், வரப்போட மேல் பக்கத்துல மண்ணு ஒதுங்கி நிக்கும், நடுக்காட்டுல சரளை தெரிய ஆரம்பிக்கும், இதோட அடுத்த கட்டம்தான் மேல பார்த்த வாடல். சரிவுக்கு குறுக்கா உழுங்க, டிராக்டர்காரர் சுலபத்துக்கு நீளவாக்குல ஓட்டுனா நின்னு தடுங்க. சித்திரைல கோடை மழைக்கு ஒரு உழவு ஓட்டிட்டா அடுத்து வர்ற மழை ஓடாம உள்ள இறங்கும். சம உயர வரப்பு போட்டு அது மேல வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ வைங்க, மாட்டுக்கும் ஆகும். ரொம்ப ஆழம் இல்லாத சரளைக் காடா இருந்தா வருஷப் பயிரை விட்டுட்டு மா, புளி, முந்திரி, சீத்தா மாதிரி மரம் வைக்கிறதுதான் நியாயம், கிருஷ்ணகிரில மாவும் பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் செம்மண்ணுல வாழுறது சும்மா இல்லை.

செடி குட்டையா நிக்குது, வேர்ல முடிச்சு

பயறு வகைன்னா முடிச்சு நல்லதாவும் இருக்கலாம். நகத்தால தட்டுனா தனியா உதிர்ந்து, கீறுனா உள்ள இளஞ்செவப்பா இருந்தா அது ரைசோபியம், பயிருக்கு தழைச்சத்து சேர்த்துக் குடுக்கிற பாக்டீரியா, விடுங்க. வேரே வீங்கி முடிச்சா மாறி, உதிராம இருந்தா நூற்புழு, மணல்சாரி செம்மண்ணுல காய்கறி மேல காய்கறி போட்டா வரும். செண்டுமல்லியை ஒரு போகம் மாத்திப் போடுங்க, வேப்பம்புண்ணாக்கு போடுங்க. கரையான் தொந்தரவு வறண்ட காட்டுல மக்காத எருவைக் கொட்டுனா ஜாஸ்தியாகும், எருவை மக்க வச்சுப் போட்டாலே பாதி குறையும்.

இதுக்கெல்லாம் மண் பரிசோதனை எப்ப?

மேல சொன்னதுல எதுவுமே ஒத்துப்போகலைன்னாலும், சுண்ணாம்பு போடப் போறீங்கன்னாலும் கண்டிப்பா. அறுவடை முடிஞ்சு உரம் போடுறதுக்கு முன்னாடி எடுங்க. மேல இருக்கிற குப்பையை மட்டும் ஒதுக்கிட்டு (மண்ணைச் சுரண்டக் கூடாது) வி வடிவத்துல அரையடிக் குழி வெட்டி, ரெண்டு பக்கச் சரிவுலயும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல மண்ணைச் சீவி எடுங்க. காட்டுல பத்து பதினஞ்சு இடத்துல இப்படி எடுத்து, கலந்து, நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டு வாங்க. வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். செவப்பும் மஞ்சளும் ஒரே சர்வே நம்பர்ல இருந்தாலும் ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க, ரெண்டு பை, ரெண்டு சீட்டு. நுண்சத்துக்குப் பார்க்கணும்னா இரும்பு மம்பட்டியோட துருவும், ஜிங்க் பூசுன வாளியும் படாம மரக்குச்சி, பிளாஸ்டிக் வாளி வச்சு எடுங்க. நிழல்ல காய வச்சு, போன போகம் என்ன பயிர், அடுத்து என்ன போடப் போறீங்க, போர் தண்ணியா மானாவாரியான்னு சீட்டுல எழுதி வைங்க. மண்வள அட்டைல பிஎச், உப்பு, கரிமம், தழை மணி சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான்னு 12 விவரம் வரணும், பிஎச்சும் தழை மணி சாம்பலும் மட்டும் எழுதிக் குடுத்தா மிச்சத்தையும் கேளுங்க, ஏன்னா செம்மண்ணுல வில்லங்கம் பண்றது பெரும்பாலும் அந்த மிச்சம்தான். போர் தண்ணியையும் அரை லிட்டர் பாட்டில்ல பிடிச்சு அன்னைக்கே கூடக் குடுத்துடுங்க.